கைமாறும் அடுப்பும் கைமாறாத வினையும்

இல்லறத்தில் நிற்போர் பொருளீட்டாது வாழ்தல் இயலாது. நம் முன்னோர் அதனை மறுத்ததும் இல்லை. எவ்வழியில் ஈட்டுவது என்பதே அவர்கள் நம்முன் வைத்த வினா. ஆசிரியப் பயிற்சி முடித்து வகுப்பறையில் நுழைந்த நாள் முதல் அவ்வினாவுக்குரிய விடையைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்திருக்கிறேன். எழுபது வயதைக் கடந்த பின்னர்தான் அவ்வினா என் வீட்டு வாயிலிலேயே வந்து நின்றது. அன்று நான் சொன்ன விடை முழுமையானதன்று என்பதைப் பின்னர் உணர்ந்தேன். அதனை வாசக அன்பர்களுடன் பகிர்ந்துகொள்வது பயனுடையது எனக் கருதி இதனை எழுதுகிறேன்.

நான் பிறந்தது வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூர். பணியின் பொருட்டுக் கொல்லிமலைக்கு வந்து, மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்து, ஓய்வு பெற்ற பின்னும் செம்மேட்டுக்கு அருகிலேயே தங்கிவிட்டேன். சென்ற ஆண்டு தைத் திங்களில் என் தமக்கையின் பேரன், காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து என்னைக் காண வந்தான். சேலத்தில் ஓர் உணவகத்தில் பதினோரு ஆண்டுகள் கணக்கராக இருந்தவன். நாமக்கல்லில் நடந்துகொண்டிருக்கும் உணவகம் ஒன்று விலைக்கு வருவதாகவும், அதனைத் தான் வாங்க எண்ணுவதாகவும் கூறினான். "சின்னப் பாட்டி, உங்கள் ஓய்வூதியச் சேமிப்பிலிருந்து எனக்குக் கொஞ்சம் கடன் தர முடியுமா? இன்னொன்றும் கேட்க வேண்டும். இதை வாங்குவது சரியா?" என்றான். இரண்டாவது வினாவையும் அவன் கேட்டதனால்தான் முதல் வினாவுக்கு என்னால் உடனே மறுமொழி கூற இயலவில்லை.

அவ்வுணவகம் இருபது ஆண்டுகளுக்கு மேலாக நடப்பது. காலையிலும் நண்பகலிலும் சைவ உணவு. மாலை ஐந்து மணிக்கு மேல் பரோட்டாவும் முட்டையும் இறைச்சியும். பணியாளர் பதினான்கு பேர். அவர்களுள் அறுவர் இம்மலையிலிருந்து இறங்கிச் சென்ற இளைஞர்கள். கேட்ட விலை முப்பது இலட்சம். அடுப்பு, பாத்திரம், கிரைண்டர், மேசை, குளிர்பெட்டி ஆகியவற்றின் மதிப்பு ஏறத்தாழ பதினொரு இலட்சம். கட்டட உரிமையாளரிடம் உள்ள முன்பணம் ஐந்து இலட்சம். எஞ்சிய பதினான்கு இலட்சம் எதற்கு என்று கேட்டேன். "பெயருக்கும், வந்து பழகிய கூட்டத்துக்கும்" என்றான்.

ஆகவே முதலில் ஆராய வேண்டியது, ஓர் உணவகத்தை வாங்குபவர் உண்மையில் எதனை வாங்குகிறார் என்பது. அடுப்பை வாங்கலாம். பெயரை வாங்கலாமா? அமெரிக்காவில் மெக்டொனால்டு சகோதரர்கள் தொடங்கிய உணவகத் தொழிலை 1961ஆம் ஆண்டில் ரே கிராக் என்பவர் இருபத்தேழு இலட்சம் டாலருக்கு வாங்கினார். சான் பெர்னார்டினோ நகரிலிருந்த முதற்கடையைச் சகோதரர்கள் தம்மிடமே வைத்துக்கொண்டனர். ஆயினும் பெயர் விற்கப்பட்டுவிட்டதால் தம் சொந்தப் பெயரைத் தம் கடைக்கு இட இயலாமல் வேறு பெயர் சூட்ட நேர்ந்தது. கிராக் அதன் அருகிலேயே அப்பெயரில் புதிய கடை திறந்தார். சில ஆண்டுகளில் பழைய கடை மூடப்பட்டது. அடுப்பும் இடமும் சமைக்கும் கையும் ஒருவரிடம் இருக்க, பெயர் மட்டும் மற்றொருவரிடம் சென்றால் கூட்டம் பெயரின் பின்னே சென்றுவிடும் என்பதற்கு இது சான்று.

நம் நாட்டில் இதற்கு நேர்மாறான நிகழ்ச்சியும் உண்டு. உடுப்பிப் பகுதியிலிருந்து சென்னைக்கு வந்து, சமையற்கூடத்தில் எடுபிடியாகத் தொடங்கிய கே. கிருஷ்ணராவ், ஆச்சாரப்பன் தெருவிலிருந்த உணவகத்தைத் தம் முதலாளியிடமிருந்தே தவணையில் வாங்கி முன்னேறினார். 1938ஆம் ஆண்டில் இராயப்பேட்டையில் உட்லண்ட்ஸ் விடுதியைத் தொடங்கியவர் அவரே. அங்கே உழைத்தவனிடமே உழைத்த இடம் சென்று சேர்ந்தது. நல்ல கைமாற்றம் என்பதற்கு இதனினும் எளிய உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

பெயரை அடுத்துக் கடன். சட்டம் இங்கே ஓர் அரிய பாடத்தை வைத்திருக்கிறது. உணவுப் பாதுகாப்பு உரிமத்தை வாங்குபவர் தம் பெயரில் புதிதாகப் பெற வேண்டும். பழையவருடைய உரிமத்தை விலை கொடுத்துப் பெற இயலாது. ஆனால் பழையவர் செலுத்தத் தவறிய வரி அப்படியன்று. 2017ஆம் ஆண்டின் சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டத்தின்படி, தொழில் கைமாறும் நாள் வரையுள்ள வரி நிலுவைக்கு விற்றவரும் வாங்கியவரும் சேர்ந்தே பொறுப்பாவர். தொழிலாளர் வருங்கால வைப்பு நிதியின் நிலுவைக்கும் இவ்விதமே கூட்டுப் பொறுப்பு வகுக்கப்பட்டது. வாங்க விரும்பினும் வாங்க இயலாத பொருள் ஒன்று. வேண்டாமெனினும் உடன் வந்து சேரும் பொருள் மற்றொன்று. இதனை என் பேரனுக்குச் சொன்னபோது, "அதையெல்லாம் ஆடிட்டர் பார்த்துக்கொள்வார், பாட்டி" என்றான். ஆடிட்டர் பார்க்க இயலாத நிலுவைகளும் உண்டு. அவற்றைப் பற்றியே நான் அவனிடம் கேட்டேன்.

தத்துவார்த்த சூத்திரம், இல்லறத்தார் ஏற்கும் ஒவ்வோர் அணுவிரதத்துக்கும் ஐந்து குற்றங்களை எடுத்துச் சொல்கிறது. கொல்லாமைக்குரிய ஐந்தாவன: கட்டிவைத்தல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், அளவுக்கு மிஞ்சிய சுமை ஏற்றல், உணவும் நீரும் மறுத்தல். இவை மாட்டையும் குதிரையையும் எண்ணிச் சொல்லப்பட்டவை என்று இளமையில் கருதியிருந்தேன். உணவகத்தின் பின்கட்டைப் பார்த்தவர்களுக்கு அக்கருத்து மாறும். ஆயிரம் பேருக்கு இலை போடுபவன் தான் உண்பது பிற்பகல் நான்கு மணிக்கு. ஒருவர் செய்ய வேண்டிய வேலையை மூவருக்குரிய அளவில் ஏற்றுவதும் சுமையே. விற்பவர் இலாபம் என்று காட்டும் தொகையில் எவ்வளவு, கொடுக்கப்படாத ஊதியம்? அத்தொகையை அடிப்படையாகக் கொண்டு விலை பேசினால், அக்குற்றத்தைத் தொடரும் கடப்பாட்டையும் சேர்த்தே வாங்குகிறோம். அவ்விலையை மீட்க வேறு வழி இராது.

வாய்மைக்குரிய குற்றங்களுள் இரண்டு இங்கே நினைக்கத்தக்கவை. ஒன்று, பொய்யாவணம் எழுதுதல். வரி அலுவலருக்கு ஒரு கணக்கும், வாங்க வருபவருக்கு மற்றொரு கணக்கும் காட்டுவது வணிகத்தில் பலரும் அறிந்த வழக்கம். இவ்வுணவகத்திலும் அப்படி இரண்டு ஏடுகள் இருந்தன. எதனை நம்பி விலை பேசினாலும் மற்றொன்று பொய் என்பதை ஒப்புக்கொண்டே பேசுகிறோம். மற்றொன்று, அடைக்கலமாக வைத்த பொருளைக் கவர்தல். வைத்தவன் தொகையை மறந்து குறைத்துக் கேட்டால், கேட்டதை மட்டும் கொடுத்துவிட்டு எஞ்சியதை வைத்துக்கொள்வதும் இதில் அடங்கும் என்று பெரியோர் விளக்குவர். வைகாசி முகூர்த்தங்களுக்குச் சாப்பாடு சொல்லி முன்பணம் கொடுத்தவர்கள் எத்தனை பேர், அப்பணம் யார் கையில் என்று கேட்டேன். அவன் விசாரித்து வந்து ஏழு பேர் என்றான். விற்பவருடைய விலைப்பட்டியலில் அந்த எழுவர் இல்லை.

பணியாளரின் நிலையை எண்ணியபோது இம்மலையின் பழங்கதையே நினைவுக்கு வந்தது. கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய ஓரி ஆண்ட மலை இது. மலையமான் திருமுடிக்காரி ஓரியைக் கொன்று, கொல்லிமலையைச் சேரனுக்குக் கொடுத்தான் என்று சங்கப் பாடல்களால் அறிகிறோம். மலை ஓரியிடமிருந்து சேரனிடம் சென்றது. மலையில் தினை விதைத்திருந்தவர்களிடம் எவரேனும் கேட்டார்களா என்பதை அப்பாடல்கள் சொல்லவில்லை. இன்று சட்டம் ஓரளவேனும் கேட்கிறது. தொழில் கைமாறும்போது பணியாளரின் பணி இடையறாது தொடர வேண்டும், நிபந்தனைகள் முன்னையவற்றினும் தாழ்தல் கூடாது, பழைய பணிக்காலத்தைப் புதியவர் ஏற்க வேண்டும், இல்லையேல் அவர்களுக்கு இழப்பீடு தர வேண்டும் என்ற கருத்தை 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டம் கொண்டிருந்தது. 2020ஆம் ஆண்டின் தொழிலுறவுத் தொகுப்பும் அக்கருத்தைக் கைவிடவில்லை. ஆனால் வருகைப் பதிவேட்டில் பெயரே ஏறாத ஒருவனுக்குச் சட்டத்தில் உள்ளது ஏட்டில்தான் பயன்படும். மலையிலிருந்து சென்ற அறுவருள் நால்வரின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

இனி, நம் வாசகர்கள் முதலில் எழுப்பியிருக்கக் கூடிய வினாவுக்கு வருகிறேன். மாலையில் விற்கும் புலாலை என்ன செய்வது? வருவாயில் ஐந்தில் மூன்று பங்கு அந்த நேரத்தில்தான் வருகிறது. என் பேரன் மூன்று வாதங்களை முன்வைத்தான்.

முதலாவது, "நான் கொல்லப் போவதில்லையே" என்பது. நம் நெறியில் இதற்கு விடை ஐயத்துக்கு இடமின்றி உள்ளது. தானே செய்தல், பிறரைச் செய்வித்தல், செய்வதற்கு உடன்படுதல் ஆகிய மூன்றும் வினையே. நாளைக்கு இத்தனை கிலோ வேண்டும் என்று கடைக்குச் சொல்லி அனுப்புபவன் செய்விப்பவன். சமைக்கும்போதும் உழும்போதும் நாம் அறியாமல் நேரும் உயிர்க்கேடு வேறு. அதனை இல்லறத்தார் முற்றிலும் நீக்க இயலாது. இது எண்ணித் துணிந்து செய்விப்பது.

இரண்டாவது, இலாபத்தில் ஒரு பகுதியை அன்னதானத்துக்குக் கொடுத்துவிடலாம் என்பது. வணிகன் ஏட்டில் வரவையும் செலவையும் கழித்து மிச்சம் காணலாம். வினையின் ஏடு அப்படிப்பட்டதன்று. நல்வினையும் தீவினையும் தனித்தனியே பயன் தரும். 1981ஆம் ஆண்டில் சென்னை கே.கே. நகரில் காமாட்சி பவன் என்ற உணவகத்தை வாங்கிச் சரவண பவனைத் தொடங்கிய பி. இராஜகோபாலின் வாழ்வை யாவரும் அறிவர். தூய சைவ உணவு, ஊழியர்களுக்கு வீட்டு வசதி, மருத்துவ உதவி என அவர் செய்த நன்மைகள் உண்மையானவை. கொலை வழக்கில் அவருக்கு உயர் நீதிமன்றம் 2009இல் விதித்த ஆயுள் தண்டனையை 2019இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்ததும் உண்மை. முன்னது பின்னதை அழிக்கவில்லை. பின்னது முன்னதையும் பொய்யாக்கவில்லை.

மூன்றாவது வாதமே கடினமானது. "நான் வாங்காவிட்டால் வேறொருவர் வாங்குவார். ஒரு தட்டுக் கறிகூடக் குறையாது. நான் வாங்கினாலோ, ஓர் ஆண்டில் படிப்படியாக நிறுத்திவிடுவேன்" என்றான். அப்போது நான் சற்று வாயடைத்துப் போனேன். ஏனெனில் என் கைகளும் அவ்வளவு தூய்மையானவை அல்ல.

1982இல் தொடங்கிய சத்துணவுத் திட்டத்தில் 1989 முதல் முட்டையும் சேர்ந்தது. பள்ளியின் பொறுப்பிலிருந்த நான், நாமக்கல்லிலிருந்து மலையேறி வந்த முட்டைகளை எண்ணி, உடைந்தவற்றைக் கழித்து, ஏட்டில் கையெழுத்திட்டேன். வீட்டில் அதனைத் தொடாதவள் பள்ளியில் பல ஆண்டுகள் பகிர்ந்தளித்தேன். அரசாணை என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இன்று எண்ணிப் பார்த்தால் அது நல்ல காரணமாகத் தோன்றவில்லை. ஆணையிட்டவன் வேறொருவன் என்பது செய்தவனை விடுவிப்பதில்லை. காலையில் ஒன்றும் உண்ணாமல் மூன்று கல் நடந்து வந்த குழந்தையின் முகமே அன்று என்னை மறுக்கவிடாமல் தடுத்தது. அதுவும் வினையே, ஆனால் அதனைச் செய்தமைக்கு நான் வெட்கப்படவில்லை. வெட்கப்பட இயலவில்லையே என்பதுதான் என் உள்ளத்தில் இன்றும் உள்ள சிக்கல்.

எனினும் உணவகத்துக்கும் பள்ளிக்கும் வேறுபாடு உண்டு என்று கருதினேன். பள்ளியில் உணவுப் பட்டியலை வகுத்தவள் நானல்லள். உணவகத்தில் வகுப்பவன் உரிமையாளனே. குழந்தைக்கு வேறு உணவில்லை. மாலையில் பரோட்டாக் கடைக்கு வருபவர்க்கு உண்டு. என் கையெழுத்தில் எனக்கு இலாபமில்லை; அவனுக்கு உண்டு. உரிமை மிகுந்த இடத்தில் பொறுப்பும் மிகும். ஓராண்டுக் கெடு என்பதையும் நான் ஐயுற்றேன். கடன் வாங்கி முப்பது இலட்சம் கொடுத்தவன், தவணை கட்டும் நாளில் தன் வருவாயில் ஐந்தில் மூன்று பங்கைத் தானே வெட்டுவான் என்று நம்ப எனக்குத் துணிவில்லை. அந்தப் பதினான்கு இலட்சத்தில் பெரும்பகுதி புலாலுண்ண வரும் கூட்டத்துக்கான விலை. வேண்டாத ஒன்றுக்கு ஏன் விலை கொடுக்க வேண்டும்?

ஆகவே அவனுக்கு இவ்வாறு சொன்னேன்: "வாங்கும் நாளிலிருந்தே சைவம் மட்டும் என்பதை விற்பவரிடம் முன்னரே சொல். காலைக் கூட்டத்துக்குரிய விலையை மட்டும் கேள். எழுவரின் முன்பணத்தை விலையில் கழி. பதினான்கு பேரின் பெயரையும் பதிவேட்டில் ஏற்று. பழைய பெயரை நம்பி வருபவர் ஏமாறாதபடி வாயிலில் பலகை வை. இவ்வளவும் ஆனால் கடன் தருகிறேன்." அவன் அவ்வண்ணமே சென்று பேசினான். இருபத்திரண்டு இலட்சம் வரை தருவதாகச் சொன்னான். விற்பவர் பத்து நாள் யோசித்தார். பின் வேறொருவருக்கு முழு விலைக்கு விற்றுவிட்டார்.

கதை இத்துடன் முடிந்திருந்தால், நாம் அறத்தில் நின்றோம் என்ற மனநிறைவோடு இருந்திருப்பேன். இரண்டு திங்கள் கழித்துச் செய்தி வந்தது. என் பேரன் முன்னுரைத்தபடியே ஒரு தட்டுக் கறியும் குறையவில்லை. புதிய உரிமையாளர் தம் ஊர் ஆட்களை அழைத்து வந்தார். மலையிலிருந்து சென்ற அறுவருள் இருவர் மறுநாள் வர வேண்டாமென அனுப்பப்பட்டனர். அவர்களுள் ஒருவன் என்னிடம் நான்காம் வகுப்பில் பயின்றவன். ஒன்பது ஆண்டுகள் அங்கே மாவரைத்தவன். பெயர் பதிவேட்டில் இல்லாததால் ஒரு நாள் ஊதியமும் இழப்பீடாகக் கிடைக்கவில்லை. இப்போது சோளக்காட்டுப் பக்கம் மிளகுத் தோட்டங்களில் கூலிக்குச் செல்கிறான். சந்தையில் என்னைக் கண்டால் முன்போலவே, "வாங்க டீச்சர்" என்கிறான். அவனுடைய வேலையைப் பற்றி ஒரு காலத்தில் என் வீட்டுத் திண்ணையில் முடிவு செய்யப்பட்டது என்பதை அவன் அறியான்.

நான் சொன்ன அறிவுரை தவறா? இறைச்சி விற்று இலாபம் பெறலாகாது என்பதில் இன்றும் எனக்கு ஐயமில்லை. வேறொருவன் செய்யும் தீவினைக்கு நான் விலகிநின்றதே காரணம் என்றும் கூறேன். அவன் வினை அவனைச் சாரும். ஆனால் நான் செய்ததை மீண்டும் எண்ணிப் பார்க்கிறேன். என் பேரன் கைவிட வேண்டியவற்றை வரிசையாகச் சொன்னேன். விற்பவர் குறைத்துக்கொள்ள வேண்டிய விலையைச் சொன்னேன். என் பங்குக்கு நான் எதனைக் கொடுத்தேன்? எல்லாம் சரியாக அமைந்தால் கடன் தருவேன் என்றேன். கடன் திரும்பி வரும் பணம். விற்பவர் எட்டு இலட்சம் குறைக்க வேண்டியிருந்தது. பரோட்டா மாஸ்டர்களும் இறைச்சி சமைத்தவர்களும் பிழைப்பை இழக்க வேண்டியிருந்தது. அவர்கள் பெயரைப் பதிவேட்டில் ஏற்றச் சொன்னேனேயன்றி, அவர்கள் வேறு சமையல் பழகும் வரை அவர்களுக்கு ஊதியம் எங்கிருந்து வரும் என்று கேட்கவே இல்லை. என் சேமிப்பு மட்டும் ஒரு ரூபாயும் குறையாமல் வங்கியில் கிடந்தது.

கொல்லாமைக்கு ஒரு விலை உண்டு. அதனை நோற்பவரே அவ்விலையைத் தர வேண்டும். நோன்பு எனக்கு, அதன் செலவு எளியவனுக்கு என்று அமைந்தால், அது விரதமாகத் தோன்றினும் சுமையைப் பிறர் தோளில் ஏற்றியதே ஆகும். ஐந்து குற்றங்களுள் நான்காவதன் பெயரை மேலே எழுதியிருக்கிறேன். நான் அன்று கேட்டிருக்க வேண்டியது ஒன்றுண்டு: கடையை இரண்டு திங்கள் மூடி, பதினான்கு பேருக்கும் ஊதியம் கொடுத்து, அடுப்பைத் தூய்மை செய்து சைவமாகத் திறக்க எவ்வளவு ஆகும்? அந்தத் தொகையைக் கடனாகவன்றிக் கொடையாகத் தருவதாகச் சொல்லியிருந்தால், அவன் விற்பவருக்கு இன்னும் சற்றுக் கூடுதலாகக் கொடுத்திருக்கலாம். அப்போதும் விற்பவர் மறுத்திருக்கக் கூடும். ஆயினும் என்னால் இயன்றதைச் செய்தேன் என்று சொல்ல எனக்கு உரிமை இருந்திருக்கும்.

இல்லறத்தில் நிற்கும் இளைஞர்கள் நம் சமூகத்தில் பலர் இன்று இத்தகைய தொழில்களில் இறங்குகின்றனர். நடந்துகொண்டிருக்கும் கடையை வாங்குவது தொடங்குவதினும் எளிது என்று எண்ணுகின்றனர். அது தவறன்று. விலை பேசும் முன், கணக்கேட்டோடு பின்கட்டையும் பாருங்கள். மாவரைப்பவனிடம் அவன் எத்தனை மணிக்கு உண்கிறான் என்று கேளுங்கள். முன்பணம் கொடுத்தவர்களின் பெயர்களை எழுதி வாங்குங்கள். அறிவுரை கேட்டு இளைஞர்கள் வரும்போது என்னைப் போன்ற முதியோர் செய்ய வேண்டியது, அறத்தை எடுத்துரைப்பதோடு அதன் செலவில் நம் பங்கு எவ்வளவு என்பதையும் சேர்த்துச் சொல்வது.

என் பேரன் இப்போது இராசிபுரத்தில் ஒரு சிறு உணவகத்தைப் பார்த்து வருகிறான். எட்டுப் பேர் பணிசெய்யும் இடம். இங்கும் மாலையில் முட்டையும் இறைச்சியும் உண்டு. சென்ற வாரம் மீண்டும் மலையேறி வந்தான். இம்முறை அவன் கேட்கும் முன்னரே, எட்டுப் பேருக்கு மூன்று திங்கள் ஊதியம் எவ்வளவு என்று கணக்கிட்டு வரும்படி சொல்லியிருக்கிறேன். மாவரைக்க ஆள் வேண்டுமாயின் யாரை அழைக்க வேண்டும் என்பதையும் சொல்லியிருக்கிறேன்.